நீதிபதி ரானடே வீட்டுப் பள்ளிக்கூடம்

சென்னை மயிலாப்பூரில், லஸ் பகுதியில், ரானடேயின் பெயரைத் தாங்கிய நூல் நிலையம் ஒன்று உண்டு. நம்மவர் பலர் அங்குள்ள மண்டபத்தில் சொற்பொழிவும் சங்கீதமும் கேட்டிருப்பர். ஆனால் அந்தப் பெயருக்குரியவர் யார் என்று வினவினால், யாரோ வடக்கத்தி நீதிபதி என்பதற்கு மேல் விடை வருவது அரிது. தமிழ்நாட்டில் வாழாத ஒருவருக்கு மயிலாப்பூரில் நினைவுச் சின்னம் எழுந்ததில் வியப்பில்லை. 1887-ஆம் ஆண்டு சென்னையில் காங்கிரஸ் மகாசபை கூடியபோது, அதனை ஒட்டிச் சமூகச் சீர்திருத்த மாநாடும் முதன்முதலாகக் கூடிற்று. அம்மாநாட்டுக்கு உயிர்நாடியாக விளங்கியவர் மகாதேவ கோவிந்த ரானடே. பின்னர் ஆண்டுதோறும் அதனைத் தோளில் சுமந்தவரும் அவரே.

அவருடைய பொதுவாழ்வைப் பற்றி நூல்கள் பல உள. பொருளாதாரம் பயிலும் நண்பர்களுக்கு அவருடைய கட்டுரைகள் பாடமாகவே வந்திருக்கும். நான் இங்கே எழுதப் புகுவது அவர் வீட்டுக்குள் நடத்திய ஒரு சிறு பள்ளிக்கூடத்தைப் பற்றி. அதில் மாணவி ஒருத்தியே. அவர் மனைவி ரமாபாய். பள்ளி ஏறத்தாழ இருபத்தேழு ஆண்டுகள் நடந்தது. அவர் வாழ்க்கையை அந்தப் பள்ளியின் வாசலில் நின்று பார்த்தால், அவருடைய பெருமையும் தெரிகிறது, குறையும் தெரிகிறது. இரண்டையும் சொல்லத்தான் வேண்டும்.

ரானடே பிறந்தது 1842-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள், நாசிக்கை அடுத்த நிபாட் என்ற ஊரில். இளமை கோலாப்பூரில் கழிந்தது. பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியில் படித்து, அந்தப் பல்கலைக்கழகம் உண்டாக்கிய முதல் பட்டதாரிகளுள் ஒருவராக 1862-இல் பி.ஏ. தேறினார். பிறகு எம்.ஏ., 1866-இல் சட்டப் பட்டம். படிப்பு என்றால் அவருக்குப் பசி போல. கண்கள் அதனாலேயே கெட்டன. வாழ்நாள் முழுவதும் அந்தக் கண்கள் அவருக்குத் தொல்லை கொடுத்தன. இது பின்னால் வரும் கதைக்கு வேண்டியது, ஆதலால் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்பின்ஸ்டனில் ஆசிரியராகவும், பிற இடங்களில் மொழிபெயர்ப்பாளராகவும் நீதிபதியாகவும் இருந்துவிட்டு, 1871-இல் பூனாவுக்குச் சார்பு நீதிபதியாக வந்தார். (இன்று புனே என்கிறோம். அவர் காலத்துக் கதையாதலால் பூனா என்றே எழுதுகிறேன்.) அப்போதே அவர் பெயர் பெற்ற சீர்திருத்தக்காரர். பிரார்த்தனை சமாஜத்தின் தூண்களுள் ஒருவர். கைம்பெண் மறுமணத்துக்காக வாதாடும் கூட்டத்தில் முன் வரிசையில் நின்றவர்.

1873-இல் அவருடைய முதல் மனைவி சகுபாய் நோயுற்று இறந்தார். ரானடேக்கு அப்போது வயது முப்பத்தொன்று. இங்கேதான் அவருடைய வாழ்க்கையின் கசப்பான அத்தியாயம் வருகிறது. மறுமணம் செய்துகொள்வதாயின், கைம்பெண் ஒருத்தியை மணந்து சொன்ன சொல்லைச் செயலாக்குவார் என்று நண்பர்கள் எதிர்பார்த்தனர். அதையேதான் அவர் தந்தையார் கோவிந்தராவ் அஞ்சினார். அஞ்சியவர் காலம் தாழ்த்தவில்லை. பழைய குடும்பம் ஒன்றிலிருந்து பெண்ணைத் தேடிப் பிடித்தார். ரானடே எவ்வளவோ மன்றாடினார். பெண்ணின் தந்தையிடமே போய்த் தம்மைப் பற்றிக் குறைகளை அடுக்கினாராம். நான் சீர்திருத்தக்காரன், விதவை மணத்தை ஆதரிப்பவன், கண்ணும் மந்தம், காதும் மந்தம், சீமைக்குப் போக எண்ணமிருக்கிறது, போய்வந்தால் பிராயச்சித்தமும் செய்யமாட்டேன் என்றெல்லாம் சொல்லிப் பார்த்தாராம். மாப்பிள்ளையே தம் சம்பந்தத்தைக் கலைக்க இத்தனை பாடுபட்ட கதை வேறெங்கும் உண்டோ, நான் அறியேன். பெண்ணின் தந்தை அசையவில்லை. ரானடேயின் தந்தையோ, மகன் மறுத்தால் உறவை அறுத்துக்கொண்டு கோலாப்பூருக்கே போய்விடுவேன் என்றார். மகன் பணிந்தார்.

மணப்பெண்ணுக்கு வயது பதினொன்று. பெயர் யமுனா. புகுந்த வீட்டில் ரமாபாய் ஆனாள்.

இதனை நான் மழுப்ப விரும்பவில்லை. விதவை மணத்துக்காக ஊரெங்கும் பேசியவர், தமக்கென்று வந்தபோது தந்தை சொல்லுக்குத் தலை வணங்கிச் சிறுமி ஒருத்தியை மணந்தார். நம் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் தம் கைம்பெண் மகளுக்கு 1889-இல் மறுமணம் செய்வித்தார். அவரோடு ஒப்பிடும்போது ரானடே தோற்றவரே. பகைவர் ஏசினர், நண்பர் வருந்தினர். அவரும் வாய் திறந்து தம்மைக் காத்துக்கொள்ளவில்லை.

ஆனால் திருமணத்துக்குப் பின், முகம் வாடியிருந்த அந்த மணமகன் செய்த முதற் காரியம், அந்தச் சிறுமியைப் பக்கத்தில் அழைத்து, உனக்கு எழுதப் படிக்கத் தெரியுமா என்று வினவியதுதான். தெரியாது என்றாள். சிலேட்டை எடுத்து அன்றைக்கே எழுத்துகளைத் தொடங்கிவிட்டார்.

தெரியாது என்று அவள் சொன்னதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. ரமாபாயின் பிறந்த வீட்டில் முன்னொரு காலத்தில் அத்தை ஒருத்திக்கு எழுத்தறிவித்தார்கள். சிறிது காலத்தில் அவள் கணவனை இழந்தாள். எழுத்து கற்றதால் தாலி அறுந்தது என்று குடும்பத்தார் முடிவு கட்டினர். அதன்பின் அந்த வீட்டுப் பெண் எவளும் எழுத்தைத் தொடவில்லை. இப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த சிறுமியின் கையில் சிலேட்டைக் கொடுப்பது என்றால், அவளுக்கு எவ்வளவு நடுக்கம் இருந்திருக்கும்! கொடுத்தவரோ அவள் கணவர். எந்தக் கணவருக்கு ஆபத்து வரும் என்று பிறந்த வீட்டார் பயந்தார்களோ, அந்தக் கணவரே ஆசிரியர்!

முதலில் மராத்தி. இரவில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கணவரே பாடம் சொல்வார். பின்னர்ப் பகலில் கற்பிக்கப் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியை வந்தார். படிப்பு நகர நகர வீட்டில் புகைச்சல் எழுந்தது. ரானடேயின் வீடு பெரிய வீடு. மாமியார், நாத்தனார், அண்டி வாழ்ந்த உறவுப் பெண்கள் என்று எப்போதும் எட்டுப் பத்துப் பேர் இருப்பர். பகல் முழுவதும் அடுக்களையிலும் கூடத்திலும் அந்தப் பெண்களுக்கு நடுவேதான் ரமாபாய் இருந்தாக வேண்டும். படிப்பதானால் மாடியோடு நிறுத்திக்கொள், நாலு பேர் காணப் புத்தகத்தைத் தூக்காதே, ஆண்பிள்ளை ஏதோ சொன்னால் பெண்பிள்ளைக்குப் புத்தி எங்கே போயிற்று என்ற பேச்சுகள். சில நாள் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ரமாபாய் எதிர்வார்த்தை சொல்வதில்லை. பொறுத்துக்கொள், புகுந்த வீட்டைப் பற்றிக் குறை சொல்லாதே என்று தகப்பனார் சொல்லி அனுப்பியிருந்தார். கணவரும் அதே உபதேசத்தைச் செய்தார்.

இங்கே எனக்கு ரானடேமீது ஒரு மனத்தாங்கல் உண்டு. மாநாட்டு மேடையில் ஆயிரம் பேருக்கு முன் பேசிய நா, கூடத்தில் தம் சிற்றன்னைக்கும் உடன்பிறந்தாளுக்கும் முன் ஏன் பேசவில்லை? அவர் நீதிமன்றம் போய்விடுவார். படிக்கச் சொன்னவருக்குத் திட்டு இல்லை, படித்தவளுக்கே திட்டு. பெரியவர்களை எதிர்த்து மனம் நோகச் செய்யலாகாது என்பது அவர் கொள்கை. கொள்கை நல்லதுதான். ஆனால் அதற்குரிய விலையை மனைவி கொடுத்தாள்.

இது பழங்கதை என்று தள்ளிவிட நம்மால் இயலாது. நம் சங்கத்திலேயே கணவர் ஆராய்ச்சி மாணவராக இருக்க, மனைவி அஞ்சல்வழியில் எம்.ஏ. தமிழ் படிக்கும் வீடுகள் உண்டு. என் வீடும் அவற்றுள் ஒன்று. தேர்வுக்கு முதல் நாள் இலக்கணத் தாளைப் புரட்டிக்கொண்டிருக்கும்போது ஊரிலிருந்து உறவினர் வந்து இறங்குவர். இந்த வயதில் தொல்காப்பியம் எதற்கு, பிள்ளைக்குச் சோறு ஆயிற்றா என்று கேட்பர். கேள்வி என் மனைவியைப் பார்த்தே வருமேயன்றி என்னைப் பார்த்து வருவதில்லை. நன்றாகப் படி என்று சொல்வதற்குக் கணவனுக்குச் செலவு ஒன்றுமில்லை. அடுப்பைப் பார்த்துக்கொள்வதும், வந்தவருக்குப் பதில் சொல்வதும்தான் செலவு. ரானடேயின் வாழ்க்கையைப் படிக்கும்போதெல்லாம் நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்க்கிறேன். அவர் எந்தச் செலவை ஏற்றார், எதை ஏற்கவில்லை என்று.

ஏற்றவை சிறியனவல்ல. உத்தியோக மாற்றலில் அவர் நாசிக்குக்குச் சென்றபோது ரமாபாயும் உடன் சென்றார். கூட்டுக் குடும்பத்தின் நெரிசல் அங்கே இல்லை. பதினாறு பதினேழு வயதில் ரமாபாய்க்கு முதன்முதலாக மூச்சுவிட இடம் கிடைத்தது. படிப்பு அங்கேதான் உண்மையில் வேர் விட்டது என்று நான் நினைக்கிறேன். ஆங்கிலம் தொடங்கிற்று. வீட்டுச் செலவுக் கணக்கை எழுதும் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. நகரப் பெண்களை வீட்டுக்கு அழைத்து மஞ்சள் குங்குமம் கொடுக்கும் சாக்கில் அவர்களோடு பேசிப் பழகும் வழக்கமும் தொடங்கிற்று. நாலு பெண்கள் கூடியிருக்கும்போது எழுந்து நின்று பேசும் துணிவு அங்கே அரும்பியது.

அதே காலத்தில், 1878-ஆம் ஆண்டு மே மாதம், பூனாவில் மராத்தி நூலாசிரியர்கள் ஒன்றுகூடிய முதல் மாநாட்டுக்கு ரானடே தலைமை தாங்கினார். இன்று மராட்டியர் ஆரவாரத்தோடு நடத்தும் இலக்கிய மாநாடுகளுக்கெல்லாம் மூத்தது அதுதான். பல்கலைக்கழக உயர் வகுப்புகளிலிருந்து தாய்மொழிகளை விலக்கிவைத்த காலம் அது. அவற்றை மீண்டும் உள்ளே கொண்டுவரப் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் அவர் பல ஆண்டுகள் போராடினார். மராத்தியில் எத்தகைய நூல்கள் அச்சாகின்றன என்று கணக்கெடுத்து ஆராய்ந்தார். மராத்தி இலக்கிய வளர்ச்சி பற்றி அவர் 1898-இல் எழுதிய குறிப்பு இன்றும் பயன்படுவது. பல்கலைக்கழகம் தாய்மொழிக்குக் கதவை அடைத்திருந்த நாளில், வீட்டுக்குள் ஒரு பெண் அதே மொழியின் அபங்கங்களையும் ஏடுகளையும் பயின்றுகொண்டிருந்தாள். விடியுமுன் எழுந்து துக்காராமின் பாடல்களைச் சொல்லிக்கொண்டிருப்பது அவர் வழக்கம். பாதி உறக்கத்தில் கேட்டே பல பாடல்கள் ரமாபாய்க்கு மனப்பாடமாயின. பாடத்திட்டத்தில் இல்லாத பாடம் அது!

நாசிக்கிலிருந்து துலியா. அரசாங்கம் அவர்மீது ஐயம் கொண்டு அந்த ஒதுக்குப்புறத்துக்கு அனுப்பியது என்பர். வாசுதேவ பலவந்த பட்கேயின் கலகத்துக்குப் பின் பூனாப் பிராமணர் எவரையும் வெள்ளையர் நம்பாத நாள் அது. அந்த நிலையிலும் பாடம் நிற்கவில்லை.

1881-இல் மீண்டும் பூனா, மீண்டும் பெரிய வீடு. அடுத்த ஆண்டு பண்டித ரமாபாய் பூனாவுக்கு வந்தார். பெயர் ஒன்றாதலால் குழம்ப வேண்டாம். அவர் வேறு. சமஸ்கிருதத்தில் பெரும் புலமை பெற்ற இளம் கைம்பெண். அவருடைய சொற்பொழிவுகளைக் கேட்கப் பெண்கள் கூடினர். ஆரிய மகிளா சமாஜம் 1882-இல் தோன்றிற்று. நீதிபதியின் மனைவி அதற்கு வாரந்தோறும் போகலானார். வீட்டில் மீண்டும் இடி. சமையலறையில் தொடாதே, சாமான்களை எடுக்காதே என்ற அளவுக்கு வந்துவிட்டது.

அப்போது ஆங்கிலப் பாடத்துக்கு ஹர்போர்டு என்ற ஆங்கிலப் பெண்மணி வீட்டுக்கு வந்தார். வெள்ளைக்காரியின் பக்கத்தில் உட்கார்ந்து படித்தால் தீட்டு. பாடம் முடிந்தவுடன் ரமாபாய் குளிக்க வேண்டும் என்றனர் வீட்டுப் பெண்கள். அவர் குளித்தார். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு முழுக்கு! இலக்கியம் கற்க நம்மில் எத்தனை பேர் இந்தக் கட்டணத்தைச் செலுத்துவோம்?

பெண்களுக்கு உயர்நிலைப் பள்ளி வேண்டும் என்று பூனாவில் ஒரு பொதுக் கூட்டம் நடந்தது. ஆளுநர் சர் ஜேம்ஸ் பெர்குஸன் வந்திருந்தார். பெண்கள் சார்பில் ஆங்கிலத்தில் வேண்டுகோளைப் படித்தவர் ரமாபாய். எழுதிக் கொடுத்தவர் ரானடே. அவை நிறைந்த ஆண்கள் நடுவே, ஆளுநர் முன்னிலையில், குரல் நடுங்காமல் படித்து முடித்தார். ஊரே பேசிற்று. அன்று மாலை வீடு திரும்பியபோது பெண்கள் பேசிய பேச்சோ எழுதத் தக்கதல்ல. இரவில் கணவர் ஆறுதல் சொன்னார். பொறுமையாக இரு, பதில் பேசாதே என்றே மீண்டும் சொன்னார். அந்த உயர்நிலைப் பள்ளி 1884-இல் தோன்றிற்று. ஹுஜூர்பாகாப் பள்ளி என்று இன்றும் நடக்கிறது. வீட்டில் ஒருத்திக்குச் சொன்ன பாடத்தை ஊருக்குச் சொல்ல அவர் எழுப்பிய கட்டடம் என்றே அதனைக் காண்கிறேன்.

ஆசிரியர் என்ற முறையில் ரானடே எப்படிப்பட்டவர்? கடிந்து பேசமாட்டார். சினம் வந்தால் பேசாமல் இருந்துவிடுவார். அந்த மௌனம் அடியைக் காட்டிலும் வலித்தது என்பதை ரமாபாயின் எழுத்திலிருந்து அறிகிறோம். தாம் விரும்பியபடி அவர் நடக்க வேண்டும், ஆனால் கட்டளையாகச் சொல்லக்கூடாது என்று நினைக்கும் ஆசிரியரிடம் படிப்பது எளிதன்று. இருபது வயது மூத்த கணவர், நீதிபதி, ஊர் போற்றும் பெரியவர். கேள்வி கேட்டு மறுத்துப் பேச அந்த மாணவிக்கு எவ்வளவு இடம் இருந்தது? அதிகம் இல்லை என்றே தோன்றுகிறது. இதுவும் கணக்கில் சேர வேண்டியதே.

ஆயினும் அவரிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. தாமும் மாணவராக இருந்து காட்டினார். 1886-இல் அரசாங்கத்தின் நிதிக் குழுவில் உறுப்பினராக அவர் அமர்த்தப்பட்டார். அதன் பொருட்டுக் கல்கத்தா சென்றபோது ரமாபாயும் உடன் சென்றார். வங்காளத்துக்கு வந்துவிட்டு வங்காளி தெரியாமல் இருப்பதா என்று ரானடே புத்தகங்களை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். காலையில் நாவிதர் வந்து முகம் மழிக்கும் நேரத்திலும் புத்தகம் கையில். தெரியாத சொல் வந்தால் நாவிதரையே கேட்பார். அவர் கத்தியை நிறுத்திவிட்டு உச்சரிப்பும் பொருளும் சொல்வார். உள்ளே இருந்த ரமாபாய்க்குச் சிரிப்பு ஒரு பக்கம், கூச்சம் ஒரு பக்கம். உயர்ந்த பதவியில் இருப்பவர் நாவிதரிடம் பாடம் கேட்பதா என்று. தத்தாத்திரேயருக்கு இருபத்துநாலு குருமார் என்று புராணம் சொல்கிறதே, எனக்கு ஒருவர் கூடினால் என்ன என்பது ரானடேயின் பதிலாக இருந்தது. தாம் கற்றதை உடனே மனைவிக்கும் கற்பித்தார். ஊர் திரும்புமுன் ரமாபாய் வங்காளி நூல்களைப் படிக்கலானார்.

அப்போது அவருக்கு வயது இருபத்துநாலு. மராத்தி, ஆங்கிலம், வங்காளி. பட்டம் இல்லை, தேர்வு இல்லை, சான்றிதழ் இல்லை. நாவிதரிடம் கேட்டுப் படித்த கணவரைக் கண்ட பிறகு, தெரியாது என்று சொல்ல அந்த மாணவிக்குக் கூச்சம் இருந்திராது. முன்பு மனத்தாங்கல் என்று எழுதினேனே, அது இந்த இடத்துக்கு வரும்போது எனக்குச் சற்றே இளகிவிடுகிறது.

பிறகு பள்ளியில் இடங்கள் மாறின. ரானடேயின் கண்கள் மேலும் மங்கின. நீதிமன்றத் தாள்களும், நாளிதழ்களும், மராட்டிய வரலாற்றுக்கு வேண்டிய ஏடுகளும் மலை போல் குவிந்து கிடந்தன. பிறர் படிக்க அவர் கேட்பது வழக்கமாயிற்று. படித்துக் காட்டியவருள் ரமாபாயும் ஒருவர். சிலேட்டில் எழுத்துக் கற்றுக்கொடுத்தவருக்கு அந்த மாணவியின் குரலே கண்ணாயிற்று. கல்யாணத்துக்கு முன் கண் மந்தம் என்று அவர் எச்சரித்தது பொய்யில்லை.

தேநீர்க் கதையைச் சொல்லாமல் விட்டால் பூனாக்காரர் கோபிப்பர். 1890-இல் பாதிரிமார் நடத்திய கூட்டமொன்றில் தேநீர் கொடுத்தனர். நாற்பதுக்கு மேற்பட்டோர் இருந்தனர், திலகரும் கோகலேயும் உட்பட. ரானடேயும் இருந்தார். சாதிக் கட்டுப்பாடு எழுந்தது. சாதிக்கு வெளியே நின்றுவிட அவர் அஞ்சவில்லை. ஆனால் உடனிருந்த நண்பர்களின் குடும்பங்கள் படும் துன்பத்தைக் கண்டு 1892-இல் பிராயச்சித்தம் செய்துகொண்டார். சீமைக்குப் போனாலும் பிராயச்சித்தம் செய்யேன் என்று மாமனாரிடம் சொன்ன அதே மனிதர்! ரமாபாய்க்கு இது பெரும் வருத்தத்தைத் தந்தது. கற்பித்தவரின் செயலை எடைபோட்டுப் பார்க்கும் அளவுக்கு மாணவி வளர்ந்துவிட்டார். படிப்பு பலித்தது என்பதற்கு எனக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை.

1893-இல் தெலாங்கின் மறைவால் காலியான இடத்தில் ரானடே பம்பாய் உயர்நீதிமன்ற நீதிபதியானார். வீடு பம்பாய்க்குப் பெயர்ந்தது. மராட்டியர் எழுச்சி பற்றிய அவருடைய வரலாற்று நூல் 1900-இல் வெளிவந்தது. உடல் நலிந்துகொண்டே வந்தது. 1901-ஆம் ஆண்டு சனவரி 16-ஆம் நாள், ஐம்பத்தொன்பதாம் பிறந்த நாளுக்கு இரண்டு நாள் இருக்க, பம்பாயில் காலமானார்.

ரமாபாய்க்கு வயது முப்பத்தெட்டு. பிள்ளைப்பேறு இல்லை. சில காலம் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார். பிறகு வெளியே வந்தார். கணவரின் சமயச் சொற்பொழிவுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1904-இல் பம்பாயில் கூடிய மகளிர் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். மலபாரியும் தயாராம் கிடுமலும் தொடங்கிய சேவா சதனத்தில் 1908 முதல் பொறுப்பேற்று, அடுத்த ஆண்டு தேவதருடன் சேர்ந்து பூனாவில் அதனை நிறுவினார். எழுத்தும் தொழிலும் மருத்துவத் தாதிப் பயிற்சியும் பெற அங்கே வந்தவர்கள் பெரும்பாலும் வயது வந்த பெண்கள். கைம்பெண்கள், கணவரால் விடப்பட்டவர்கள், பிள்ளை பெற்ற பின் சிலேட்டைக் கையில் எடுத்தவர்கள். திட்டும் தீட்டும் என்னவென்று அறிந்த ஒருவரே அங்கே தலைவியாக இருந்தார். கணவர் கொடுக்காத ஒன்றை அவர் அந்தப் பெண்களுக்குக் கொடுத்தார் என்று சொல்வேன். படிக்கும் நேரத்தில் யாரும் குறுக்கே வராத ஓர் இடம்.

1910-இல் ரமாபாய் தம் வாழ்க்கை நினைவுகளை மராத்தியில் நூலாக்கினார். கோகலே முன்னுரை எழுதினார். மராத்தியில் பெண் எழுதிய தன்வரலாறுகளுள் முதல் வரிசையில் வைத்து இன்றும் அதனைப் படிக்கின்றனர். நான் மேலே சொன்னவற்றுள் வீட்டுக்குள் நடந்தன யாவும் அந்த நூலால்தான் உலகுக்குத் தெரியவந்தன. ரானடேயின் பெருங் கட்டுரைகளைப் படிப்போர் இன்று குறைவு. இந்த நினைவுகளைப் படிப்போர் மிகுதி. 2012-இல் மராத்தித் தொலைக்காட்சியில் இவர்கள் கதை தொடராகவே வந்து வீடுதோறும் ஓடிற்று. ரமாபாய் 1924-இல் மறைந்தார். நூற்றாண்டை ஒட்டி 1962-இல் இந்திய அரசு அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலை வெளியிட்டது.

அந்த நூலில் இன்னொரு செய்தி. கணவர் பெயரைச் சொல்லலாகாது என்ற நம் ஊர் வழக்கம் மராட்டியத்திலும் உண்டு. ஆகவே தம் கணவரை அவர் தாம் என்று பொருள்படும் ஒரு சொல்லாலேயே குறிக்கிறார். 1938-இல் ஆங்கிலத்தில் பெயர்த்த அம்மையார் அந்தச் சொல்லையே நூலுக்குத் தலைப்பாக்கிவிட்டார். எந்த மொழிகளையெல்லாம் அவர் கற்பித்தாரோ, அவற்றுள் இரண்டில் அந்த நூல் இன்று இருக்கிறது.